மாட்டாஸ்பத்திரியில சமூகப் பணியாளருக்கு என்ன வேலை?

அடுத்த கேள்வி, பாளையங்கோட்டையில இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காவ. ‘எம்.எஸ்.டபிள்யூ (சமூகப் பணி மேற்படிப்பு) முடிச்சிருக்கேன். வெளிநாட்டுல கால்நடை ஆஸ்பத்திரியில சமூகப் பணியாளர்னு தனி ஆளே உண்டாமே, அவங்களுக்கு அங்க என்ன வேலை? நம்ம ஊர்ல அது தேவைப்படுமா?’

அமெரிக்காவுல டென்னசி பல்கலைக்கழகத்துல 2002ல எலிசபெத் ஸ்ட்ராண்ட்ங்கிற அம்மா இதை ஒரு துறையாவே தொடங்கினாங்க. நாலு வேலை சொல்லுவாவ. வளர்த்த உசிரு போன துக்கம், ஆஸ்பத்திரி ஆட்களோட மனச்சோர்வு, வாயில்லாச் சீவனை அடிக்கிறதுக்கும் வீட்டுக்குள்ள நடக்குற அடிதடிக்கும் உள்ள தொடர்பு, மிருகத்தைத் துணைக்கு வச்சு மனுசனுக்குப் பண்ற சிகிச்சை. நம்ம பக்கம் முதல் வேலைதான் பெருசு. அதுலயும் இங்க கறவை மாடு செத்தா துக்கமும் நட்டமும் ஒண்ணா வந்து நிக்கும்.

மானூர் பக்கம் ஒரு வீட்ல இன்சூரன்ஸ் போட்ட மாடு செத்துக் கெடக்குன்னு வச்சுக்கோங்க. மாட்டை வித்தாலே கயித்தை உருவிக்கிட்டுத்தானே விடுவோம்? அதனால செத்ததும் கயிறு, மணி எல்லாத்தையும் கழட்டுவாவ. அந்தக் கையோட, இன்சூரன்சுக்கு அடையாளமா காதுல மாட்டுன வில்லையையும் அறுத்துருவாவ. போச்சு! வில்லை காதுல இல்லைன்னா க்ளைம் கெடையாது. கம்பெனிக்குத் தகவல் சொல்லி, காதுல வில்லை தெரியிற மாதிரி போட்டோ எடுத்து, டாக்டர் வந்து பாத்த பெறகுதான் குழிக்கே போகணும். வீட்டம்மா தலையில அடிச்சு அழுதுட்டு இருக்கையில இதை யாரு சொல்லுதது? டாக்டர் சொன்னா ‘கல்நெஞ்சுக்காரன்’ம்பாவ. பக்கத்துல உக்காந்து பேசி, சொல்ற நேரத்துல சொல்லத்தான் ஒரு ஆள் வேணும்.

இன்னொண்ணு. மாடு திடீர்னு செத்து, மூக்குலயோ ஆசனவாயிலயோ உறையாத கறுத்த ரத்தம் வந்தா அடைப்பானோன்னு (ஆந்த்ராக்ஸ் நோய்) சந்தேகப்படணும். அப்ப உடம்பைக் கீறவே கூடாது. காது நரம்புல ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத்தான் டாக்டர் பாப்பாரு. ஆறடிக் குழி, மேலயும் கீழயும் சுண்ணாம்பு. இந்த எடத்துல மட்டும் கயித்தையும் மாட்டோடயே குழியில போட்டுரணும், கிருமி மண்ணுல வருசக்கணக்குல கெடக்கும். ‘கயித்தைக் குடுக்க மாட்டேன்’னு பெரியவர் நிப்பாரு. கறியைக் கூறு போடலாம்னு நாலு பேரு கத்தியோட வந்துருப்பாவ. அவியளைத் தடுக்கணும்னா ஊர் மனுசங்களைத் தெரிஞ்சிருக்கணும். மருந்து தெரிஞ்சா மட்டும் பத்தாது.

வெறிநோய் (ரேபிஸ்) வந்த மாடு இதைவிட மோசம். வாயில எச்சி வடியும், குரல் மாறிக் கத்தும். நம்மாளு பனங்கொட்டை தொண்டையில அடைச்சிருக்குன்னு கையை உள்ள விட்ருவாரு. அப்ப யாரு யாரு வாயில கை விட்டா, எச்சி யாரு புண்ணுல பட்டுது, எல்லாத்தையும் ஒக்காந்து பேர் எழுதணும். சோப்புப் போட்டு 15 நிமிசம் ஓடுற தண்ணியில கழுவச் சொல்லி, அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். ஊசி 0, 3, 7, 28ஆம் நாள்னு போடுவாவ. வயல் வேலை வந்தா கடைசி ஊசியை விட்ருவாவ. அந்த 28ஆம் நாளு போன் அடிக்கிறதும் இந்த வேலைதான்.

நாய்க்குக் கருணைக்கொலை ஊசின்னா, போடுறதுக்கு முன்னாடியே சொல்லிரணும்: முதல்ல மயக்கம், பெறகுதான் கடைசி ஊசி. கண்ணு மூடாது. ஒண்ணு ரெண்டு மூச்சு இழுக்கலாம், மூத்திரம் போகலாம். சொல்லலைன்னா ‘உசிரோட பொதைச்சிட்டாவளே’ன்னு மனசு கெடந்து அடிச்சிக்கிடும். பில்லையும் முன்னாடியே முடிச்சிரணும். கண்ணைத் தொடைச்சிட்டு வாரவரு கையில ரசீதை நீட்டுறது அசிங்கம். சின்னப் பிள்ளையள்ட்ட ‘தூங்க வைக்கிறோம்’னு சொல்லாதிய, அதுக ராத்திரி தூங்கப் பயப்படும்.

ஒரே வீட்டு நாய் திரும்பத் திரும்ப எலும்பு முறிஞ்சு வந்தா, வீட்டுப் பொம்பளைகள்ட்ட தனியாப் பேசிப் பாக்கணும். உதவிக்குக் கூப்பிடுற போன் நம்பர், பெண்களுக்கு 181, பிள்ளையளுக்கு 1098.

நம்ம அரசு கால்நடை மருந்தகத்துல இதுக்குன்னு போஸ்ட் கெடையாது, தங்கச்சி. இந்த வேலையும் டாக்டர் தலையிலயும் உதவியாளர் தலையிலயும்தான் விழுது. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில போய்க் கேட்டுப் பாருங்க. சும்மா ‘கவுன்சலிங் பண்ணுதேன்’னு போய் நிக்காம, ‘வெறிநோய் ஊசித் தேதியையும் இன்சூரன்ஸ் பேப்பரையும் நான் பாத்துக்கிடுதேன்’னு சொல்லுங்க. உக்கார நாற்காலி போடுவாவ.