இவர்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது? – தாம்பரத்து நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த மாதம் வந்த கேள்விகளில் ஒன்று நான்கு நாட்களாக என்னை விடாமல் தொடர்கிறது. தாம்பரத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார்; பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாராம். அவர் சொல்லும் லினக்ஸ், விண்டோஸைப் போலக் கணினியை இயக்குகிற, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள்; உபுண்டு அதன் ஒரு வகை. அவர் எழுதியதை அப்படியே வாசிக்கிறேன். "ஐயா, எங்கள் கல்லூரிக்கு லினக்ஸ் பயனர் குழு ஒன்றிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, நாற்பது பேருடைய மடிக்கணினிகளில் உபுண்டு நிறுவிக்கொடுத்தார்கள். பணம் வாங்கவில்லை. மதியச் சாப்பாட்டைக்கூட நாங்கள் வற்புறுத்திய பிறகுதான் சாப்பிட்டார்கள். இவர்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது? பின்னால் ஏதாவது கம்பெனி இருக்கிறதா? சும்மா எவனும் எதுவும் செய்யமாட்டான், பார்த்து நடந்துகொள் என்கிறார் என் அப்பா."

தம்பி, உங்கள் அப்பா சொல்வதை நான் தவறென்று தள்ளமாட்டேன். இலவசம் என்று வாசலுக்கு வருகிற எதையும் ஒருமுறை திருப்பிப் பார்த்து வாங்குவது நல்ல பழக்கம்தான். கம்பெனி இருக்கிறதா என்று கேட்டால், ஒன்றல்ல, பல இருக்கின்றன. 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், இது வெறும் பொழுதுபோக்குதான் என்று சொல்லி அறிவித்த, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில், இன்று சேர்கிற மாற்றங்களில் பெரும்பகுதியை எழுதுகிறவர்கள் இன்டெல், கூகுள், ரெட் ஹேட் போன்ற நிறுவனங்களில் சம்பளம் வாங்குகிறவர்கள். அந்த ரெட் ஹேட்டை 2019இல் ஐபிஎம் சுமார் 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. உங்கள் கணினியில் ஏறியிருக்கும் உபுண்டுவுக்குப் பின்னால் கெனானிக்கல் என்ற நிறுவனம் இருக்கிறது. ஆகவே லினக்ஸ் உலகத்தில் எல்லாரும் தர்மத்துக்குத்தான் உழைக்கிறார்கள் என்ற சித்திரத்தை முதலில் அழித்துவிட வேண்டும். நானும் என் பழைய பேச்சுகளில் ஆர்வக்கோளாறில் அந்தச் சித்திரத்தைச் சற்று மிகையாகவே தீட்டியிருக்கிறேன்.

ஆனால் அந்த உபுண்டு நிற்பது டெபியன் என்ற அடித்தளத்தின் மேல். 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியனை இன்றுவரை நடத்திவருகிறவர்கள் பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் தன்னார்வலர்கள்தாம். அதிலிருந்து இன்னும் கீழே இறங்கி வந்தால்தான் உங்கள் கல்லூரிக்கு வந்த ஐவரைப் போன்றவர்கள் தென்படுகிறார்கள். இவர்களில் பலர் ஒரு வரிகூட நிரல் எழுதி எங்கும் சேர்த்திருக்கமாட்டார்கள். இவர்களுடைய வேலை வேறு. கூட்டத்துக்கு ஓர் அறை கேட்டுக் கடிதம் கொடுப்பது, பேச வருகிறவரின் மடிக்கணினிக்கும் அங்குள்ள பழைய புரொஜெக்டருக்கும் ஒத்துவராது என்று முன்பே ஊகித்து அடாப்டர் எடுத்து வருவது, வழி தெரியாமல் நிற்பவரின் தொலைபேசி அழைப்புக்குப் பதில் சொல்வது, புதிதாக வந்தவர் கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருப்பதைக் கவனிப்பது போன்றவைதாம் அவை.

சென்னையில் இந்த வேலைக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. இந்திய லினக்ஸ் பயனர் குழுவின் சென்னைக் கூட்டங்கள் பல ஆண்டுகள் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில், ஏரோஸ்பேஸ் துறையின் வகுப்பறையில் நடந்துவந்தன. வளாகத்துக்குள் முதன்முறை வருகிறவர்கள் மான்களைப் பார்த்து நின்றுவிட்டுத் தாமதமாக வருவதும், அதுவரை பேச்சைத் தொடங்காமல் யாராவது ஒருவர் ஏதோ ஒரு கட்டளையின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருப்பதும் வழக்கம்.

நான் அங்கே முதலில் போனது தன்னார்வலனாக அல்ல, நோயாளியாக. அப்போதெல்லாம் வீட்டு இணையம் என்றால் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான். என் கணினியில் லினக்ஸ் நிறுவிய அன்றே இணையம் நின்றுபோயிற்று. உள்ளே இருந்த மோடம் இருப்பதாகவே லினக்ஸுக்குத் தெரியவில்லை. இரண்டு மாதம் முட்டி மோதிவிட்டு, சிபியுவைப் பழைய போர்வையில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அரசு வங்கி ஒன்றில் வேலை பார்த்த, என்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஒருவர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இது வின்மோடம், தம்பி. பாதி வேலையை வன்பொருளே செய்யாது, விண்டோஸுக்கான டிரைவரிடம் தள்ளிவிடும். அந்த டிரைவர் இங்கே இல்லாததால் இது இங்கே வெறும் அட்டை" என்றார். பிறகு, ரிச்சி தெருவுக்குப் போய், சீரியல் போர்ட்டில் செருகுகிற, தனிப்பெட்டியாக உள்ள பழைய மோடம் ஒன்றைக் கேட்டு வாங்கும்படி சொல்லி, கடையில் எப்படிக் கேட்க வேண்டும் என்றும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்தார். அது வேலை செய்தது. அடுத்த மாதம் நன்றி சொல்லப் போனபோது, உங்கள் கேள்வியையேதான் நானும் அவரிடம் கேட்டேன்: உங்களுக்கு இதில் என்ன சார் கிடைக்கிறது? அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீட்டில் இதையெல்லாம் பேசினால் யாரும் கேட்பதில்லை. இங்கே கேட்கிறார்கள்" என்றார்.

இருபது ஆண்டுகளாக இந்தக் கேள்விக்குப் பல பதில்களைக் கேட்டிருக்கிறேன். இதைவிட நேர்மையான பதிலைக் கேட்டதில்லை. மற்ற பதில்களும் பொய்யல்ல. வேலை தேடுகிற இளைஞர்கள் வருகிறார்கள். கூட்டத்தில் பேசிப் பேசிக் கூச்சம் தெளிந்து, அங்கே பழகியவர்கள் மூலமாகவே வேலைக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். அதில் மறைக்க ஒன்றுமில்லை. பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் தனக்கு எது புரியவில்லை என்பது புரிகிறது என்பதும் ஒரு லாபம்தான். உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்: அவர்கள் சும்மா செய்யவில்லை, ஆனால் அவர்கள் வாங்கிக்கொள்வது உங்கள் பையிலிருந்து அல்ல.

இந்த இடத்தில், தொடர்ந்து பார்க்கிறவர்கள் சிரிக்கத் தொடங்கியிருப்பீர்கள். இவன் மறுபடியும் 'இரண்டாவது ஆள்' கதைக்கு வரப்போகிறான் என்று. ஆமாம், வரப்போகிறேன். ஒரு குழுவைத் தொடங்குகிறவரைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அவருக்குப் பக்கத்தில் நிற்கிற இரண்டாவது ஆளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நானே பட்டதைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில், உங்கள் கல்லூரியில் நடந்ததைப் போன்ற ஒரு நிறுவல் நாள். பதினோராவது மடிக்கணினியோ பன்னிரண்டாவதோ நினைவில்லை. கை பழகிவிட்டது, கண் சோர்ந்துவிட்டது. ஒரு மாணவியின் கணினியில் காலி இடத்தைப் பிரிப்பதற்குப் பதிலாக, அவருடைய கோப்புகள் இருந்த வட்டுப் பகுதியையே, அதாவது பார்ட்டிஷனையே, நீக்கி, எந்தப் பகுதி எங்கே என்று குறிக்கும் அட்டவணையைப் புதிதாக வட்டில் எழுதும்படி பொத்தானை அழுத்திவிட்டேன். அதில்தான் அவருடைய அக்காவின் திருமணப் படங்கள் இருந்தன. வேறு நகல் கிடையாது. பதற்றத்தில் நான் அடுத்த பொத்தானைத் தேடியபோது, பக்கத்து மேசையில் இருந்த இளைஞர் என் கையைப் பிடித்து, "அண்ணா, இதற்கு மேல் ஒரு எழுத்துகூட வட்டில் எழுதாதீர்கள்" என்று நிறுத்தினார். புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தை மட்டும்தான் நான் கிழித்திருந்தேன். உள்ளே பக்கங்கள் அப்படியே இருந்தன. பென்டிரைவிலிருந்து கணினியை இயக்கி, டெஸ்ட்டிஸ்க் என்ற கட்டற்ற கருவியைக் கொண்டு வட்டு முழுவதையும் தேடவிட்டார். பழைய பார்ட்டிஷன் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதற்கான தடயத்தை அது கண்டுபிடித்துக் காட்ட, அட்டவணையை மறுபடி எழுதினோம். படங்கள் திரும்பின. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று; அந்த ஒரு மணி நேரமும் அந்த மாணவி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அன்று அந்த மேசையில் நான் தனியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இரண்டாவது ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நீங்கள் உங்கள் திரையிலேயே பார்க்கலாம். கணினியின் மொழியைத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு பட்டியில் 'கோப்பு', 'திருத்து' என்று அழகாகத் தமிழ் வரும்; அதற்குக் கீழேயே இரண்டு வரிகள் ஆங்கிலத்தில் நிற்கும். பலர் இதை அரைகுறை வேலை என்று ஏளனம் செய்கிறார்கள். உண்மையில் அது அரைகுறை வேலை அல்ல, தனி ஆளின் வேலை. லினக்ஸின் திரைத்தோற்றத்தைத் தருகிற க்னோம் போன்ற மென்பொருள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வருகிறது. ஒவ்வொரு முறையும் புதிய வரிகள் சேர்கின்றன. பழைய வரி ஒன்று சிறிது மாறினாலும் அதன் மொழிபெயர்ப்பை மறுபடி சரிபார்க்க வேண்டும். ஃபோல்டருக்கு அடைவு என்பதா, கோப்புறை என்பதா என்று இரவெல்லாம் வாதாடிய ஒருவர், வேலை மாறியோ குழந்தை பிறந்தோ இரண்டு பதிப்புகளைத் தவறவிட்டால், ஆங்கிலம் அங்கங்கே எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. அவர் செய்த வேலையைவிட அவர் இல்லாத இடம்தான் நம் கண்ணில் படுகிறது.

இதன் மிக மோசமான வடிவத்தை 2024இல் உலகம் பார்த்தது. எக்ஸ்இசட் என்ற மென்பொருளின் விவகாரத்தை முன்பு ஒரு காணொளியில் பாதுகாப்பு நோக்கில் விளக்கியிருக்கிறேன். இன்று அதில் இருந்த மனிதர்களை மட்டும் பார்ப்போம். கோப்புகளைச் சுருக்குகிற அந்தச் சிறிய மென்பொருளை லாசே காலின் என்ற பின்லாந்துக்காரர் ஏறத்தாழத் தனியாகவே பல ஆண்டுகள் சம்பளமின்றிப் பராமரித்துவந்தார். அது கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் இருந்தது. 2022இல், வேலை தாமதமாகிறது என்று முகம் தெரியாத சிலர் அவரை நச்சரித்தபோது, தமக்கு நீண்ட நாள் மனநலச் சிக்கல்கள் இருப்பதையும், இது ஊதியமில்லாப் பொழுதுபோக்குத் திட்டம் என்பதையும் அவர் வெளிப்படையாகவே எழுதினார். அந்த நேரத்தில் உதவிக்கு வந்து நின்றவர் ஜியா டான் என்ற பெயரில் இயங்கிய ஒருவர். பொறுமையாக, ஆண்டுக்கணக்கில் நல்ல திருத்தங்களைக் கொடுத்து நம்பிக்கையைப் பெற்று, இணைப் பராமரிப்பாளராகி, 2024 தொடக்கத்தில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாகக் கணினிக்குள் நுழைவதற்கான கள்ளக்கதவை வைத்தார். அந்த மார்ச் 29, புனித வெள்ளியன்று, ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அதை அம்பலப்படுத்தினார். தொலைக்கணினியில் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாகிறதே என்று அவர் துருவிப் பார்த்ததுதான் காரணம். கள்ளப் பதிப்புகள் பெரும்பாலும் சோதனை நிலையிலிருந்த லினக்ஸ்களுக்குள் மட்டுமே போயிருந்ததால் உலகம் தப்பித்தது.

லாசே காலினுக்கு இரண்டாவது ஆள் தேவைப்பட்டார். நல்லவர் யாரும் வராததால் அந்த இடத்துக்குக் கள்வன் வந்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பராமரித்ததைப் பயன்படுத்திய பெரும் நிறுவனங்களில் ஒன்றாவது அதற்கு முன் அவரிடம், தனியாகவா செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம்.

ஆகவே தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்டிருக்கலாம் என்று நான் ஆசைப்பட்ட கேள்வி ஒன்று மீதமிருக்கிறது. அன்று நாற்பது பேர் கணினியை நீட்டினீர்களே, அந்த ஐவர் அடுத்து எங்கே கூடுகிறார்கள் என்று உங்களில் எத்தனை பேர் கேட்டு வைத்துக்கொண்டீர்கள்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நிரல் எழுதத் தெரிய வேண்டும் என்பதில்லை. அடாப்டர் பையைத் தூக்கிக்கொண்டு வர ஓர் ஆள் கிடைத்தாலே எங்கள் குழுவில் அன்று தீபாவளிதான்.

உங்கள் அப்பாவையும் ஒருமுறை எங்கள் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள்; கடைசி வரிசையில் உட்கார்ந்து யார் எதை விற்கிறார்கள் என்று அவரே பார்க்கட்டும். இப்போது சில மாதங்களில் கூட்டம் இணையவழியாகவும் நடப்பதால், இடத்தை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்கள் கணினியில் ஏதாவது சரிசெய்ய வேண்டுமென்றால் சார்ஜரை மறக்காதீர்கள். படங்களை வீட்டிலேயே வேறொரு வட்டில் நகலெடுத்துவிட்டு வாருங்கள். நான் இருக்கும் மேசைக்கு வருவதாக இருந்தால், இரண்டு வட்டுகளில்.