கிணற்றில் குதித்துப் பழகியவரால் 750 மீட்டர் நீந்த முடியுமா? நெல்லைக்காரரின் முதல் டிரையத்லான்

வணக்கம். பத்து வயதிலேயே பம்புசெட் கிணற்றின் மேட்டிலிருந்து தலைகீழாகக் குதித்தவன் என்ற பெருமையோடு, பாளையங்கோட்டையில் 25 மீட்டர் நீளமுள்ள ஒரு நீச்சல் குளத்தில் இறங்கினேன். மூன்றாவது முறை திரும்புவதற்குள் மூச்சு முட்டி, தடத்தைப் பிரிக்கும் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தடத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி என்னை இரண்டாவது முறையாகக் கடந்து போனாள். இந்தக் காணொளி அன்றைய அவமானத்தில் பிறந்தது.

முதலில், கடமைக்காகக் கொஞ்சம் வரலாறு. நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவெளியின்றி முடிக்கும் டிரையத்லான் போட்டி, அந்தப் பெயரில் முதன்முதலாக 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியாகோவில் 46 பேருடன் நடந்தது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இடம் பிடித்தது. போதும். 180 கிலோமீட்டர் சைக்கிளுக்குப் பிறகு முழு மாரத்தானும் ஓடும் அயர்ன்மேன் என்னும் நெடுந்தூர டிரையத்லானை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நமக்கு வேண்டியது ஸ்பிரின்ட் என்னும் குறுந்தூரப் போட்டி: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். அந்த 20 கிலோமீட்டர், திருநெல்வேலி சந்திப்பிலிருந்து ஏறத்தாழ சேரன்மகாதேவி வரையிலான தூரம்.

இனி கிணற்றுக்கு வருவோம். நம்மில் பலர் முதுகில் சுரைக்குடுக்கையோ காலி எண்ணெய் கேனோ கட்டி, மாமாவோ சித்தப்பாவோ பிடித்துத் தள்ளிவிட நீச்சல் கற்றவர்கள். அந்த முறை தண்ணீர்ப் பயத்தைப் போக்கியது என்பதில் ஐயமில்லை. ஆனால் தூரத்தை அது கற்றுத்தரவே இல்லை. பெரிய பாசனக் கிணறு ஒன்றின் விட்டத்தைப் பத்து மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 750 மீட்டருக்கு அதன் குறுக்கே 75 முறை கடக்க வேண்டும். நாமோ நான்கு வீச்சு கை போட்டதும் மோட்டார்க் குழாயையோ படிக்கல்லையோ பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசியவர்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் தலையில் இருக்கிறது. கிணற்று நீச்சலில் தலை எப்போதும் தண்ணீருக்கு மேலே நிற்கும். தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் தாழும். உடம்பு சாய்த்து வைத்த பலகையைப் போலத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். தண்ணீரின் அடர்த்தி காற்றைப் போல ஏறத்தாழ 800 மடங்கு என்பதால், சாய்வு சிறிதளவு கூடினாலும் வலிமையெல்லாம் அதிலேயே கரைந்துவிடுகிறது. பயிற்சியாளர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "மொகத்த உள்ள வைங்க அண்ணாச்சி, மூச்ச தண்ணிக்குள்ளயே விடுங்க." முகத்தை நீருக்குள் வைத்து, மூக்கால் குமிழி விட்டு முடித்து, பக்கவாட்டில் முகத்தைத் திருப்பும் நொடியில் உள்ளே இழுப்பது மட்டுமே என் மூன்று வாரப் பாடமாக இருந்தது. மூச்சு முட்டியதற்குக் காரணம் நெஞ்சில் காற்று இல்லாதது அல்ல, பழைய காற்றை வெளியே விடாமல் வைத்திருந்ததுதான் என்று புரிந்த அன்றைக்கு, நிற்காமல் 200 மீட்டர் நீந்தினேன்.

போட்டி திறந்த நீர்ப்பரப்பில் நடந்தால், அங்கே தரையில் வழிகாட்டும் கோடு இருக்காது. சில வீச்சுகளுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் உயர்த்தி, பாதையைக் காட்டும் மிதவையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குளத்திலேயே, கரையில் தெரியும் ஒரு மரத்தைக் குறியாக வைத்து இதைப் பழகலாம். தாமிரபரணியில் பழகலாமே என்று கருத்துப் பகுதியில் எழுதப் போகிறவர்களே, படித்துறையிலிருந்து பத்தடி தள்ளி, கசம் என்னும் ஆழமான பள்ளம் எங்கே இருக்கிறது என்பது உள்ளூர்க்காரர்களுக்கே சில சமயம் தெரியாது. ஆற்றில் தனியாக இறங்காதீர்கள்.

(காட்சி: சுழலும் காற்றாலைகள்)

நீச்சல் குளத்துக்குக் கட்டணம் உண்டு. நமக்கு இலவசமாகக் கிடைக்கும் பயிற்சியாளர் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றால், சைக்கிள் எம்மாத்திரம்? ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு எதிராகச் சேரன்மகாதேவி சாலையில் மிதித்துப் பாருங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மணிக்கு 25 கிலோமீட்டரில் போகும் உங்கள் மீது 15 கிலோமீட்டர் எதிர்க்காற்று வீசினால், உடம்பு உணர்வது 40 கிலோமீட்டர்க் காற்றை. எதிர்ப்பு இரண்டரை மடங்காகிவிடுகிறது. திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளுமே, கணக்கு நேராகிவிடாதா என்றால், ஆகாது. பத்து கிலோமீட்டரை 20 வேகத்தில் போய், 30 வேகத்தில் திரும்பினால் 50 நிமிடம். காற்றில்லாமல் சீராக 25இல் போய்வந்தால் 48 நிமிடம். காற்று கொடுப்பது அல்வாதான், அதுவும் வெளியூர்க்காரர்கள் சொல்லும் பொருளில்.

ஆகவே பயிற்சியில் எதிர்க்காற்றை முதல் பாதியிலேயே முடித்துவிடுங்கள். களைத்த கால்களோடு வீடு திரும்பும்போது காற்று துணைக்கு வரும். பணகுடி, ராதாபுரம் பக்கம் இருப்பவர்களுக்குத் திசை பார்க்கும் கருவியும் வேண்டாம். நாம் காத்தாடி என்று சொல்லும் காற்றாலையின் இறக்கைகள் எந்தப் பக்கம் முகம் காட்டுகின்றனவோ, அந்தப் பக்கத்திலிருந்துதான் காற்று வருகிறது. நான்குவழிச் சாலையைத் தவிர்த்து ஊர்ச்சாலைகளையே தேர்ந்தெடுங்கள்.

ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வாரத்துக்கு நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஒவ்வொன்றும் இருமுறை, ஒரு நாள் முழு ஓய்வு, மூன்று மாதம் என்பது என் கணக்கு. வெயிலுக்கு அஞ்சி விடியற்காலையில் மட்டும் ஓடாதீர்கள். போட்டியில் ஓட்டம் கடைசியில் வருவதால், அப்போது வெயில் ஏறியிருக்கும். மெல்ல மெல்ல அதையும் பழக வேண்டும்.

ஆனால் சைக்கிளிலிருந்து இறங்கிய உடனே ஓடும் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள். முதல் சில நிமிடங்களுக்குக் கால்கள் யாருடையவோ போலிருக்கும்; பழகினால் அந்த நேரம் குறையும். போட்டியில் ஹெல்மெட் வாரை மாட்டிய பிறகே சைக்கிளை நிறுத்தத்திலிருந்து எடுக்க வேண்டும், சைக்கிளைத் திரும்ப நிறுத்திய பிறகே வாரை அவிழ்க்க வேண்டும், மீறினால் தண்டனை உண்டு என்பதால், வீட்டிலும் அந்த வரிசையையே பின்பற்றினேன். முதல் நாள் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து, டீக்கடை வரை ஓடிவிட்டேன். பெஞ்சில் இருந்த பெரியவர் செய்தித்தாளைத் தாழ்த்தி என்னை மேலும் கீழும் பார்த்துக் கேட்டார்: "வண்டிய எங்கடே விட்ட?"