கிரவுன்ஸ்வில் மரங்களுக்கிடையே ஒரு டியூடர் ஊர்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

பள்ளிகள் திறந்த பிறகு அவரவர் வீட்டில் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று சொல்லும்படி அமைப்பாளர்கள் கேட்டார்கள். எங்கள் வீட்டுச் செய்தி சுருக்கமானது. மகள் ஏழாம் வகுப்புக்குப் போயிருக்கிறாள். என் மனைவிக்கு மருத்துவமனையில் இரவுப் பணி தொடர்கிறது. நான் வாரத்தின் பெரும்பாலான நாள்களில் வீட்டிலிருந்தே கணினி முன் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா, பேத்தி பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கும் நேரத்துக்காகப் பகலெல்லாம் காத்திருக்கிறார்கள். குறையென்று எதுவும் இல்லை. ஆனால் முன்பின் அறியாத ஒருவரோடு நானும் அம்மாவும் நான்கு வார்த்தை பேசாமலே ஒரு வாரம் கழிந்துவிடுகிறது என்பதை அண்மையில்தான் உணர்ந்தேன். அப்படியொரு வாரத்தின் முடிவில், சென்ற சனிக்கிழமை, அனாபொலிஸுக்கு அருகே கிரவுன்ஸ்வில்லில் நடக்கும் மேரிலாந்து ரெனசான்ஸ் திருவிழாவுக்கு, அதாவது ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால வாழ்க்கையை வேடமிட்டு நடித்துக் காட்டும் விழாவுக்கு, குடும்பத்தோடு போய்வந்தோம். அந்த நாளைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

இத்தகைய திருவிழா ஐரோப்பாவில் தோன்றி இங்கே வந்தது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். இது அமெரிக்காவிலேயே, லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தது. ஃபிலிஸ் பேட்டர்சன் என்ற பள்ளி ஆசிரியை, தம் வீட்டுக் கொல்லையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு நாடகம் கற்றுக்கொடுத்துவந்தார். பழைய இத்தாலியத் தெருநாடகங்களை அவர்களை நடிக்க வைத்தார். அந்த ஆர்வம் வளர்ந்து, 1963ஆம் ஆண்டு மே மாதத்தில், கேபிஎஃப்கே என்னும் சமூக வானொலிக்கு நிதி திரட்டுவதற்காக, அவரும் அவர் கணவர் ரான் பேட்டர்சனும் ஒரு வார இறுதிச் சந்தையாக அதை நடத்தினார்கள். வரலாற்றைப் படிப்பதைவிட அதற்குள் நடமாடிப் பார்ப்பது பிள்ளைகள் மனத்தில் ஆழமாகப் பதியும் என்ற ஓர் ஆசிரியையின் நம்பிக்கையே இதன் வேர் என்பதால், இந்தத் திருவிழாவின் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. டெக்சஸில் 1974இலும், நம் மேரிலாந்தில் 1977இலும் இதே வகைத் திருவிழாக்கள் தொடங்கின. மேரிலாந்துத் திருவிழா முதலில் கொலம்பியாவில் நடந்தது. 1985இல் இப்போதைய இடத்துக்கு வந்தது.

கிரவுன்ஸ்வில்லில் ரெவல் குரோவ் என்ற கற்பனைக் கிராமத்தை நிலையாகவே கட்டி வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் இறுதியிலிருந்து அக்டோபர் வரை வார இறுதிகளில் அது உயிர்பெறுகிறது. இங்கிலாந்தை ஆண்ட டியூடர் மரபைச் சேர்ந்த எட்டாம் ஹென்றி மன்னர் அந்தக் கிராமத்துக்கு வருகை தருகிறார் என்பதே கதை. அவர் பலமுறை மணந்தவர்; ஒவ்வொரு பருவத்துக்கும் அவர் ஆட்சியின் ஒரு காலகட்டத்தை எடுத்துக்கொள்வதால், ஒரு முறை பார்த்த அரசியை மறுமுறை பார்க்க முடியாமல் போகலாம். அரசவையினரும் காவலரும் ஊர்மக்களுமாக வேடமிட்ட கலைஞர்கள் மேடையில் மட்டும் நடிப்பதில்லை. நாள் முழுவதும் நம்மிடையே நடமாடிக்கொண்டே அந்தக் காலத்து ஆங்கிலத்தில் பேசுகிறார்கள்.

அன்று என்னை மிகவும் நெகிழச் செய்தது அந்தப் பேச்சுதான். வெல்வெட் அங்கியணிந்த ஒருவர் எங்கள் எதிரே வந்து நின்றார். பட்டுப் புடவையில் இருந்த என் அம்மாவைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி, இடுப்பு வளைய வணங்கி, எந்த அரசவையிலிருந்து இந்தப் பெருமாட்டி எழுந்தருளியிருக்கிறார் என்று கேட்டார். என் மகள் மொழிபெயர்த்தாள். அம்மா தயங்கவேயில்லை. இரு கைகளையும் கூப்பி, "மதுரையிலிருந்து வர்றோம்னு சொல்லு" என்றார்கள். அவரும் தம் வேடத்திலிருந்து சிறிதும் விலகாமல், கடற்பயணம் நலமாக இருந்ததா, வழியில் புயல் உண்டா என்று விசாரித்தார். அம்மாவும் அலைகளைப் பற்றி விவரமாகவே பதில் சொன்னார்கள். இந்த நாட்டுக்கு வந்தபின் அம்மா ஓர் அந்நியரோடு அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை.

பிற்பகலில் ஜவுஸ்டிங் பார்த்தோம். கவசமணிந்த இரு வீரர்கள் எதிரெதிரே குதிரைகளை விரட்டி வந்து ஈட்டியால் மோதும் போட்டி அது. இதே விளையாட்டை மேரிலாந்து 1962ஆம் ஆண்டிலேயே தன் அதிகாரபூர்வ மாநில விளையாட்டாக அறிவித்திருக்கிறது. ஊர்ப்புறங்களில் இன்றும் நடக்கும் அதன் வடிவம் வேறு. அங்கே வீரர்கள் ஒருவரோடு ஒருவர் மோதுவதில்லை. பாய்ந்தோடும் குதிரையின் மீதிருந்து, வளைவுகளில் தொங்கும் சிறு வளையங்களை ஈட்டி நுனியில் கோத்தெடுப்பார்கள். மிகச் சிறிய வளையத்தின் விட்டம் கால் அங்குலம்தான். மன்னர் ஹென்றியே இளமையில் ஈட்டிப் போட்டியில் வல்லவராக இருந்தவர். 1536இல் களத்தில் குதிரையோடு விழுந்து பலத்த காயமடைந்தபின் அவர் மீண்டும் களமிறங்கவில்லை. பிரான்சின் மன்னர் இரண்டாம் ஆன்றியோ 1559இல், ஈட்டிச் சிதறல் கண்வழியே பாய்ந்ததால் உயிரையே இழந்தார். இவற்றை அறிந்து பார்க்கும்போது, அந்தக் குளம்பொலி வேறு விதமாகவே காதில் விழுகிறது.

திருவிழா காட்டாமல் விடுவதையும் பெற்றோர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எட்டாம் ஹென்றியின் அரசிகளான ஆன் போலினும் கேத்தரின் ஹவர்டும் அவர் ஆணையாலேயே தலை துண்டிக்கப்பட்டவர்கள் என்று காரில் வரும்போது மகளிடம் சொன்னேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, அப்போது நம் ஊரை யார் ஆண்டார்கள் என்று கேட்டாள். ஹென்றி அரியணை ஏறிய அதே 1509ஆம் ஆண்டில்தான் விஜயநகரத்தில் கிருஷ்ணதேவராயரும் அரியணை ஏறினார் என்றும், திருவண்ணாமலையின் பெரிய கோபுரத்தைக் கட்டத் தொடங்கியவர் அவரே என்றும் சொன்னேன். ஒரு வார இறுதி உலாவிலிருந்து அப்படியொரு கேள்வி எழுமானால், அந்தப் பள்ளி ஆசிரியையின் நோக்கம் அறுபது ஆண்டுகள் கழித்தும் பலித்திருக்கிறது என்றே கொள்கிறேன்.

கைவினைஞர்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. கண்ணாடி ஊதுவோர், கொல்லர், தோல் தைப்போர், குயவர் எனப் பலர் நம் கண் முன்னேயே வேலை செய்கிறார்கள். பார்வையாளர்களிலும் பலர் தாங்களே தைத்த உடையில் வந்திருந்தார்கள். என் மகளின் கேள்விக்கு நின்று பதில் சொன்ன ஒரு பெண்மணி, தம் கைச்சட்டையின் பின்னல் வேலை முழுவதையும் திருப்பிக் காட்டினார்.

போக விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். நுழைவுச்சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். தரை மண்ணும் சரளையுமாக இருப்பதால் பழகிய காலணியே அணியுங்கள். காட்சி முடிந்ததும் கலைஞர்கள் தொப்பியை ஏந்தி வருவார்கள். அவர்களில் பலருக்கு அதுவும் ஒரு வருமானம் என்பதால் சில்லறைத் தாள்களைத் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் பெற்றோர் ஊரிலிருந்து வந்திருந்தால், அவர்களையும் கட்டாயம் அழைத்துப் போங்கள். நன்றி, வணக்கம்.