ஒரே ஒரு ஹிட்டுக்கு மூன்று கிரேட்டஸ்ட் ஹிட்ஸா? வாரன் ஸீவோனும் எங்கள் வீட்டுப் பிரிட்ஜும்

[திரை இருட்டு. தூரத்தில் நாய் ஊளையிடும் சத்தம்.]

கேட்டீர்களா? அது எடிட்டிங்கில் சேர்த்த சத்தமில்லை, எங்கள் தெரு நாய். நேற்று இரவு கீபோர்டில் ஒரு பாட்டை வாசித்துப் பழகிக்கொண்டிருந்தேன். அதில் ஓர் ஊளை வரும். சரி, ஆளில்லாத நேரம்தானே என்று நானும் ஊளையிட்டேன். உவர்மலை நாய்கள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லத் தொடங்கிவிட்டன. பக்கத்து வீட்டு அன்ரி ஜன்னலைத் திறந்து, "தம்பி, உடம்புக்கு ஏதும் செய்யுதோ?" என்று கேட்டார். "இல்லை அன்ரி, றொக் இசை" என்றேன். ஜன்னல் மூடிக்கொண்டது.

அந்த ஊளைப் பாட்டு 1978இல் அமெரிக்க பில்போர்ட் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் 21ஆம் இடம் வரைக்கும் போனது. பாடியவர் பெயர் வாரன் ஸீவோன். அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, அவருடைய வேறு எந்தப் பாட்டும் முதல் 40க்குள் நுழையவில்லை. ஆனால் அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே 1986, 1996, 2002 என்று மூன்று தடவை அவருடைய சிறந்த பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். ஒரு ஹிட்டை வைத்துக்கொண்டு மூன்று தொகுப்பு. கடையில் ஒரே ஒரு ரோல்ஸ் வைத்திருக்கிறவர் மூன்று பக்கத்துக்கு மெனு அச்சடித்த மாதிரி இல்லையா?

இல்லை. அந்த மெனுவில் இருக்கிற எல்லாமே உள்ளே சமைத்து வைத்திருக்கிறது. யாரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

[தலைப்பு. திருகோணமலை உள்துறைமுகம், மாலை வெளிச்சம்.]

வணக்கம். வாழ்க்கை வரலாற்றை என் பிளேன்ரீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன். 1947, சிகாகோவில் பிறப்பு. அப்பா சூதாட்டக்காரர், அம்மா மோர்மன் குடும்பம். அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகள் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பிறகு கலிபோர்னியா. பதின்ம வயதில் இந்தப் பையன் போய்வந்த வீடு யாருடையது தெரியுமா? ரஷ்ய இசையமைப்பாளர் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கி! 1913இல் பாரிஸ் அரங்கில் கூச்சல் குழப்பத்தைக் கிளப்பிய அதே ஸ்ட்ராவின்ஸ்கிதான். அப்புறம் எவர்லி பிரதர்ஸ் என்ற பாடகச் சகோதரர்களின் குழுவில் கீபோர்ட் வாசித்தார். 1970இல் ஓர் ஆல்பம் வந்தது, யாரும் வாங்கவில்லை. ஸ்பெயினில் ஒரு பாரில் பாடினார். திரும்பி வந்தார். 1976இல் ஜாக்சன் பிரௌன் தயாரிப்பில் ஸீவோன் பெயரிலேயே ஓர் ஆல்பம் வந்தது. வரலாறு முடிந்தது. ரீ இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். அதே 1976இல் பாடகி லிண்டா ரொன்ஸ்டாட் வெளியிட்ட ஆல்பத்தின் தலைப்பே ஸீவோன் எழுதிய ஒரு பாட்டின் பெயர்தான். அவருடைய இன்னும் சில பாட்டுகளையும் ரொன்ஸ்டாட் பாடிப் பெரிய கூட்டத்திடம் கொண்டுபோனார். சமைத்தது ஒருவர், பரிமாறியவருக்குப் பாராட்டு. கல்யாண வீட்டில் நடக்கிறதுதானே.

[கீபோர்ட் நெருக்கத்தில். கைகள் மட்டும்.]

இப்போது ஊளைப் பாட்டு. பெயர் 'வேர்வுல்வ்ஸ் ஒஃப் லண்டன்'. எவர்லி சகோதரர்களில் ஒருவரான ஃபில் எவர்லி, 1935இல் வந்த ஒரு பழைய ஓநாய் மனிதன் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பெயரில் ஒரு பாட்டு எழுதேன்" என்று கிளப்பிவிட்டார். ஸீவோனும் லீராய் மாரினெல், வாடி வாக்டெல் என்ற இரண்டு நண்பர்களும் விளையாட்டாக எழுதினார்கள். விளையாட்டு எழுதியதோடு முடிந்தது. ஒலிப்பதிவில் எந்த டிரம்மரும் பேஸ்காரரும் சரிவராமல், கடைசியில் ஃப்ளீட்வுட் மேக் குழுவிலிருந்து மிக் ஃப்ளீட்வுட்டையும் ஜான் மெக்வீயையும் கூட்டிவந்தார்கள். டிரம்ஸ் எவ்வளவு சோம்பலாக நடக்கிறது என்று கவனியுங்கள். சாப்பிட்டுவிட்டுப் பின்கடற்கரையில் காற்று வாங்கப் போகிற ஆளின் நடை.

பாட்டில் அந்த ஓநாய் என்ன செய்கிறது? லண்டன் மழையில், கையில் சீன மெனுவோடு, மாட்டிறைச்சி சோ மீன் (சீன நூடுல்ஸ்) சாப்பிடக் கடை தேடிப் போகிறது. எங்கள் ஊரில் ஃபிரெட்ரிக் கோட்டை மான்கள் ரோட்டில் உலாத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அவை மெனுவைக் கையில் வைத்திருக்காது. வாயில் வைத்திருக்கும்.

சரி, இந்த வீடியோவை நான் எடுத்ததே அடுத்த விஷயத்துக்காகத்தான். தயவுசெய்து ஸ்கிப் பண்ணாதீர்கள்.

[வாசிப்பு: டி, சி, ஜி. டி, சி, ஜி.]

மூன்றே மூன்று கோர்ட், அதாவது ஒரே நேரத்தில் அழுத்துகிற சுரக்கூட்டம். டி இரண்டு தட்டு, சி இரண்டு தட்டு, ஜி நான்கு தட்டு. இதில் ஒரே ஒரு கறுப்புக் கட்டைதான் வருகிறது. முழுப் பாட்டும் இதுதான், கடைசிவரை மாறாது. இதே மூன்று கோர்ட், இதே வரிசையில், 1974இல் இன்னொரு பாட்டில் வந்துவிட்டது. லினர்ட் ஸ்கினர்ட் குழுவின் 'ஸ்வீட் ஹோம் அலபாமா'. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஏன்?

எது ச என்பதுதான் கேள்வி. ஸீவோன் பாட்டில் ஜி கோர்ட் வரும்போது வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய உணர்வு. அதாவது ஜி தான் ச. அப்போது டி என்பது ப, சி என்பது ம. ப, ம, ச என்று படியிறங்கி வீட்டுக்கு வருகிறது. சுரங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

[வாசிப்பு: ஜியிலிருந்து ஆரோகணம்.]

சங்கராபரணம்! 29ஆவது மேளகர்த்தா, அதாவது தாய் ராகம். இப்போது ஒரு கட்டையைக்கூட மாற்றாமல், டியை ச என்று வைத்துக்கொண்டு அதே சுரங்களை வாசிக்கிறேன்.

[வாசிப்பு: டியிலிருந்து ஆரோகணம்.]

ஹரிகாம்போதி, 28ஆவது. நிஷாதம் மட்டும் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. சங்கராபரணத்தின் பஞ்சமத்தைச் சட்ஜமாக்கினால் ஹரிகாம்போதி. கிரகபேதம் என்று சங்கீத ஆசிரியர்கள் கரும்பலகையில் கோடு போட்டு விளக்குவார்களே, அதேதான். அலபாமா பாட்டைப் பலர் இந்த டி வீட்டிலிருந்துதான் கேட்கிறார்கள். இல்லை, அதுவும் ஜி தான் என்று சண்டை போடுகிற கூட்டமும் உண்டு. நான் டி கட்சி. கொமெண்டில் வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்.

ஸீவோனே 1980இல் எழுதிய ஒரு பாட்டில், குடித்துக் கெட்டுச் சீரழிந்த ஒரு கிராமத்துக் குடும்பம் அந்த அலபாமா பாட்டைத்தான் இரவெல்லாம் போட்டுக் கேட்கிறது. 2008இல் கிட் றொக் வந்தார். இரண்டு பாட்டையும் ஒன்றாகப் பிசைந்து ஒரு பெரிய ஹிட் கொடுத்தார். எனக்கு அந்தப் பாட்டுப் பிடிக்காது. அது வேறு விஷயம்.

[கேமரா குசினிக்குள் நுழைகிறது. பிரிட்ஜ்.]

இப்போது பிரிட்ஜ். சிரிக்காதீர்கள்.

இலங்கை மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மின்சாரச் சாதனங்களின் ரீங்காரம் பெரும்பாலும் அதன் இரட்டிப்பில், 100 ஹெர்ட்ஸில் வரும். கீபோர்டில் கீழே இருக்கிற ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். வித்தியாசம் அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. கீபோர்டின் ட்யூனிங்கைக் கொஞ்சம் மேலே ஏற்றினால்... கேளுங்கள்.

[பிரிட்ஜின் ரீங்காரம். அதன் மேல் ஜி கோர்ட்.]

சேர்ந்துவிட்டது! எங்கள் பிரிட்ஜ் ஒரு சுருதிப்பெட்டி. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், ரீங்காரம் 120. அது ஏ ஷார்ப்புக்கும் பிக்கும் நடுவில் எங்கோ தொங்குகிறது. ஆகவே, அமெரிக்கர் பாடிய பாட்டுக்கு இலங்கைப் பிரிட்ஜ்தான் சரியான சுருதி. இதை உங்களுக்கு வேறு எந்த சனலும் சொல்லித்தராது. இதற்காகவாவது சப்ஸ்கிரைப் பண்ணலாம்.

இதை வெறும் பகிடிக்குச் சொல்லவில்லை. ஸீவோன் எழுதியதிலேயே எனக்கு மிகப் பிடித்த பாட்டு 'டெஸ்பராடோஸ் அண்டர் தி ஈவ்ஸ்'. 1976 ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. ஹொலிவூட்டில் ஒரு ஹொட்டேல் அறை. பில் கட்டக் காசில்லாமல் ஒரு குடிகாரன் உட்கார்ந்திருக்கிறான். அறையில் ஏசி இரைகிறது. அவன் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான், பிறகு அதோடு சேர்ந்து மெல்ல ஹம் பண்ணுகிறான். அந்த ஹம்மிங் பெரிதாகி, வயலின்கள் சேர்ந்து, கோரஸ் சேர்ந்து (பீச் பாய்ஸ் குழுவின் கார்ல் வில்சனும் அந்தக் கூட்டத்தில் பாடுகிறார்) சேர்ச்சில் பாடுகிற கீதம் மாதிரி எழுகிறது. பாடப்படுவது என்ன? ஒரு ரோட்டின் பெயர். அவ்வளவுதான்.

ஜூலையில் கச்சான் காற்று அனலாக அடிக்கும்போது (தமிழ்நாட்டு நண்பர்களே, நிலக்கடலையையும் நாங்கள் கச்சான் என்போம், இது அதில்லை, தென்மேற்கிலிருந்து வருகிற காற்று) மத்தியானம் பாயில் படுத்து ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நீங்களும் ஏதாவது முணுமுணுத்திருப்பீர்கள். நானும் முணுமுணுத்திருக்கிறேன். எனக்குத் தூக்கம் வந்தது. அவருக்குப் பாட்டு வந்தது.

இன்னொரு நுணுக்கம். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் வயலின்கள் ஒரு மெட்டை வாசிக்கின்றன. அதே மெட்டைத்தான் ஆல்பத்தின் முதல் பாட்டில் அவர் தனியாகப் பியானோவில் வாசித்திருப்பார். ஸ்ட்ராவின்ஸ்கி வீட்டுக் காற்றுப் பட்ட பையன் என்று இங்கேதான் தெரிகிறது. தொகுப்பில் பாட்டுகளைப் பிய்த்துப் போட்டால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். தொகுப்புகள் மேல் எனக்குள்ள ஒரே கோபம் அதுதான்.

[திரையில்: இருட்டுப் போர்க்களம், கோட்டோவியம்.]

அடுத்தது 'ரோலண்ட்'. தலை போன பிறகும் துப்பாக்கியோடு அலைகிற ஒரு கூலிப்படை வீரனின் கதை. ஸ்பெயின் பார் என்று சொன்னேனே, அதை நடத்திய டேவிட் லிண்டெல் உண்மையிலேயே முன்னாள் கூலிப்படைக்காரர். அவரோடு சேர்ந்து எழுதியது. காங்கோ யுத்தத்தில் சொந்த ஆட்களே ரோலண்டின் தலையைச் சிதறடிக்கிறார்கள். முண்டம் பழிவாங்கத் தேடிப் போகிறது.

வெள்ளைக்காரர்கள் இதைக் கேட்டு, "என்ன விசித்திரமான கற்பனை!" என்கிறார்கள். நமக்கு என்ன விசித்திரம்? கலிங்கத்துப்பரணி படித்தவர்கள் கை தூக்குங்கள். போர்க்களத்தில் தலையில்லாத கவந்தங்கள் ஆடும். பேய்கள் பிணங்களில் கூழ் காய்ச்சி, ஒன்றையொன்று பந்திக்குக் கூப்பிட்டு, பரிமாறிச் சாப்பிடும். அதுவும் எப்படிப்பட்ட சந்தத்தில்! பயங்கரத்தைச் சொல்கிறபோது தாளம் துள்ளுகிறது, சிரிப்பு வருகிறது, சிரித்ததற்காகக் கொஞ்சம் கூச்சமும் வருகிறது. சோ மீன் தேடுகிற ஓநாயும் கூழ் காய்ச்சுகிற பேயும் ஒரே குசினிக்காரர்கள். ஸீவோனை "கறுப்பு நகைச்சுவை எழுதியவர்" என்று ஒரு மூலையில் உட்கார வைக்கிறார்கள். செயங்கொண்டாரை நாம் அப்படி மூலையிலா உட்கார வைத்தோம்? சோழர் அவையில் அல்லவா பாடவிட்டோம்.

யுத்தத்தைப் பார்த்த ஊர்க்காரன் நான். இந்தப் பாட்டுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று முதல் தடவை எனக்கும் தெரியவில்லை. இரண்டாம் தடவை பியானோவை மட்டும் கேட்டேன். ஊர்வலம் மாதிரி, நிமிர்ந்த நடையில் போகிறது. சிரிக்கிறவன் வாசிக்கிற பியானோ இல்லை அது.

80கள்: குடி, சிகிச்சை, ரெக்கோர்ட் கம்பனி கழற்றிவிட்டதைப் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொண்டது, 1987இல் ஆர்.இ.எம். என்ற றொக் குழுப் பையன்களோடு திரும்பி வந்தது. அந்தக் காலத்துப் பதிவுகள் சிலவற்றில் டிரம்ஸ் சத்தம் தகர டப்பா. கடந்து போவோம்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பீர்கள். 1986இல் வந்த 'அ குவைட் நோர்மல் லைஃப்'. நான் சொன்ன மூன்று பாட்டும் அதில் உண்டு. அதற்கு முன், கெஞ்சிக் கேட்கிறேன், 1976 ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவை. இரவில், ஹெட்போன் போட்டு.

2002இல் ஸீவோனுக்கு நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வருகிற மீசோதெலியோமா என்ற புற்றுநோய் என்று தெரிந்தது. டாக்டர் என்றால் பயம், இருபது வருடமாகப் பக்கத்திலேயே போகவில்லை. அந்த ஒக்டோபரில் அமெரிக்க டிவி தொகுப்பாளர் டேவிட் லெட்டர்மேன் தன் நிகழ்ச்சியை முழுக்க இவர் ஒருவருக்கே கொடுத்தார். சாவைப் பற்றி இப்போது என்ன தெரிந்துகொண்டாய் என்று கேட்டார். ஒவ்வொரு சாண்ட்விச்சையும் ரசித்துச் சாப்பிடவேண்டும் என்று பதில். நம் கணக்கில் பாணும் சம்பலும். கடைசியாக, லெட்டர்மேன் விருப்பத்துக்காக, ரோலண்ட் பாட்டு. 2003 ஆகஸ்டில் கடைசி ஆல்பம் வந்தது, செப்டம்பர் 7இல் போய்விட்டார். வயது 56. அதற்கடுத்த வருடம் இரண்டு கிராமி. 2025இல்தான் றொக் அண்ட் ரோல் ஹோல் ஒஃப் ஃபேமில் இடம் கொடுத்தார்கள். மேடையில் அவருக்காகப் பேசியவர், வேறு யார், லெட்டர்மேன்.

[மீண்டும் குசினி. கீபோர்ட் மேசைமேல்.]

முடிக்கிறதுக்கு முன், பிரிட்ஜோடு ஒரு தடவை முழுப் பாட்டையும் வாசிக்கிறேன். ஊளை வருகிற இடத்தில் நீங்களும் சேருங்கள். அன்ரி, மன்னித்துக்கொள்ளுங்கள். ரெடி? டி... சி...

[ரீங்காரம் நிற்கிறது.]

கரண்ட் போச்சு.

[இருட்டு. நாய் ஊளை.]