அப்லேஷன் முடிந்த பிறகும் படபடப்பு வருகிறதே, மாத்திரையை நிறுத்தலாமா?

வந்திருக்கும் கேள்விகளில் இதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒரு நேயர் தம் அப்பாவுக்காகக் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 62 வயது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் இதயத் துடிப்புக் கோளாறுக்காக மூன்று வாரங்களுக்கு முன்பு, இதயத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்திச் செய்யும் அப்லேஷன் என்ற சிகிச்சையைச் செய்துகொண்டார். வீடு திரும்பிய பிறகு இரண்டு முறை படபடப்பு வந்திருக்கிறது. முன்பு நிமிடத்துக்கு 68 ஆக இருந்த நாடித்துடிப்பு, இப்போது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 80-ஐத் தாண்டுகிறது. "இவ்வளவு செலவு செய்தும் சரியாகவில்லை, பிறகு எதற்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை?" என்று அவர் அதை நிறுத்தப் பார்க்கிறாராம். சிகிச்சை தோற்றுவிட்டதா, மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்கிறார்.

மாத்திரையை நிறுத்தக் கூடாது. இதைச் சொல்லிவிட்டே காரணத்துக்கு வருகிறேன்.

நுரையீரலிலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் சிரைகள், பெரும்பாலோருக்கு நான்கு, இதயத்தின் இடது மேலறையில் வந்து சேர்கின்றன. இந்தக் கோளாறைக் கிளப்பிவிடும் தாறுமாறான மின்தூண்டல்கள் பெரும்பாலும் அந்தச் சிரைகளுக்குள்ளிருந்தே புறப்படுகின்றன என்பதை, பிரான்சின் போர்தோ நகரில் மிஷெல் ஐசாகேரும் அவருடைய குழுவினரும் 45 நோயாளிகளிடம் கண்டறிந்து 1998-ல் வெளியிட்டார்கள். இன்றைய அப்லேஷன் அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது. தொடை இடுக்கிலுள்ள சிரை வழியாகக் கதீட்டர் என்னும் அந்த மெல்லிய குழாயைச் செலுத்தி, இரண்டு மேலறைகளுக்கும் இடையிலுள்ள சுவரைச் சிறிதாகத் துளைத்து இடப்பக்கம் சென்று, அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றி, வயலுக்கு வரப்பு எடுப்பதுபோல, வெப்பத்தாலோ கடுங்குளிராலோ, அண்மைக் காலமாக மிகக் குறுகிய மின்துடிப்புகளாலோ, அந்தத் தூண்டல்கள் தாண்டி வராதபடி தழும்பு உண்டாக்குகிறோம்.

ஆனால் சிகிச்சை முடிந்த அன்றே அது தழும்பாகிவிடுவதில்லை. முதலில் அது புண். வீக்கம் இருக்கும், அழற்சி இருக்கும், அந்த எரிச்சலே புதிதாகப் படபடப்பைத் தூண்டவும் செய்யும். அதனால்தான் தொடக்க வாரங்களில் வரும் துடிப்புக் கோளாறை வைத்துத் தோல்வி என்று தீர்ப்பு எழுதுவதில்லை. இந்தக் காத்திருப்புக் காலத்தை முன்பு மூன்று மாதமாகக் கணக்கிட்டோம். 2024-ல் பன்னாட்டு நிபுணர்கள் கூடி அதை எட்டு வாரமாகக் குறைத்தார்கள். உங்கள் அப்பா மூன்றாவது வாரத்தில்தான் இருக்கிறார். இப்போது படபடப்பு வருகிறவர்களில் பலர் பிறகு சீராகிவிடுகிறார்கள். சிலருக்கு மீண்டும் ஒருமுறை அப்லேஷன் தேவைப்படும் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. அடுத்த முறை படபடப்பு வந்தால், அது நிற்பதற்குள் அருகிலுள்ள மருத்துவமனைக்குச் சென்று இசிஜி எடுத்துவிடுங்கள். நின்ற பிறகு எடுக்கும் இசிஜியில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. மூச்சுத்திணறலோ மயக்கமோ நெஞ்சுவலியோ சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

நாடித்துடிப்பு கூடியிருப்பது வேறு விஷயம். சிரைகளின் வாய்க்கு அருகில், இதயத்தை மெதுவாகத் துடிக்கச் சொல்லும் நரம்பு முடிச்சுகள் இருக்கின்றன. சூடு அவற்றின் மேலும் படுவதால் துடிப்பு நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து கூடுவது வழக்கமாகக் காண்பதுதான், பல மாதங்கள் நீடிக்கவும் கூடும். துடிப்பு சீராக இருக்கும்வரை அதை எண்ணிக் கவலைப்பட வேண்டாம்.

இனி மாத்திரை. புண்ணான உட்சுவரில் ரத்தம் எளிதில் உறையும். அந்த உறைகட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். எனவே யாராக இருந்தாலும் குறைந்தது இரண்டு மாதம், பல இடங்களில் மூன்று மாதம், ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட வேண்டும். அதற்குப் பிறகு தொடர்வதா என்பதைப் படபடப்பு நின்றதை வைத்து முடிவு செய்வதில்லை. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு பக்கவாதம் வந்ததா என்பவற்றை வைத்தே முடிவு செய்கிறோம். உங்கள் அப்பாவுக்கு அவற்றில் இரண்டு இருப்பதால், அப்லேஷன் முழு வெற்றி பெற்றாலும் மாத்திரை தொடரவே வாய்ப்பு அதிகம். செலவு செய்தும் மாத்திரையா என்ற அவருடைய மனக்குறை எனக்குப் புரிகிறது. ஆனால் பக்கவாதம் வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அவரிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

தொடை இடுக்கில் கன்றிப்போய் நீலம் பாரித்திருப்பது தானே மறையும். வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனால் மட்டும் உடனே காட்டுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். இடது மேலறைக்கு நேர் பின்னால் உணவுக்குழாய் இருக்கிறது. வெப்பத்தாலோ குளிராலோ செய்துகொண்டவர்களில் மிக அரிதாக, முதல் இரண்டு மாதங்களுக்குள், இரண்டுக்கும் இடையே துளை விழுந்துவிடலாம். அது உயிருக்கே ஆபத்து. காய்ச்சல், விழுங்கும்போது வலி, ரத்த வாந்தி, திடீரென்று பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் சாதாரணக் காய்ச்சல் என்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அப்லேஷன் செய்திருப்பதை வாயைத் திறந்ததும் சொல்லுங்கள். விழுங்க வலிக்கிறது என்றால் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி செய்துவிடுவார்கள்; அது கூடாது. அதில் செலுத்தும் காற்று அந்தத் துளை வழியே இதயத்துக்கும் அங்கிருந்து மூளைக்கும் போய்விடும். அதற்குப் பதிலாக நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று, அப்லேஷன் செய்த மருத்துவரையே தொலைபேசியில் அழைத்து அவர்களிடம் பேசச் செய்யுங்கள்.