மஞ்சள் கலர் ஜூன் மாசமே இலைக்குள்ள இருக்கு! ஒரு காபி ஃபில்டர் பேப்பர்ல வீட்லயே பாக்கலாம் வாங்க

[திரையில்: ஒரு பச்சை மேப்பிள் இலை, பக்கத்துல கண்ணாடி டம்ளர்]

இந்த இலையை நல்லா பாருங்க. பச்சைப்பசேல்னு இருக்கா? இதுக்குள்ள இப்பவே மஞ்சள் இருக்கு. பெயிண்ட் கிடையாது, எடிட்டிங் கிடையாது, ஒரு காபி ஃபில்டர் பேப்பரும் மருந்துக்கடையில விக்கிற ரப்பிங் ஆல்கஹாலும் போதும், அந்த மஞ்சளை தனியா பிரிச்சு காட்டுறேன், வீடியோ கடைசி வரைக்கும் இருங்க.

வணக்கம் மக்களே! டொரன்டோ, ஸ்கார்பரோ பக்கத்துல இருந்து பேசுறேன். செப்டம்பர் கடைசியில இருந்து நவம்பர் ஆரம்பம் வரைக்கும் இங்க இலையுதிர்காலம், பகல் சுருங்கும், குளிர் ஏறும், மரம் இலையை கொட்டும், பேக்ரவுண்ட் அவ்ளோதான்.

நம்ம பழைய ஆறு பருவத்தை எடுத்துக்கிட்டா கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில், அவ்ளோதான், இலையுதிர்காலம்னு தனியா ஒண்ணு கிடையாது. ஆனா ஊர்ல நாட்டு வாதாம் மரம் பாத்திருப்பீங்களே, ஸ்கூல் காம்பவுண்டுல நிக்கும், கொட்டையை கல்லால உடைச்சு தின்னுருப்போம், அந்த இலை விழறதுக்கு முன்னாடி செக்கச்செவேல்னு ஆகும் பாருங்க, அந்த செவப்பு ஒரு மலை முழுக்க இருந்தா எப்படி இருக்கும்? அதுதான் இங்க அக்டோபர்.

சரி, ஏன் கலர் மாறுது? இலை பச்சையா இருக்க காரணம் பச்சையம், ஸ்கூல்ல படிச்சதுதான். வெயில்ல பச்சையம் சிதைஞ்சுக்கிட்டே இருக்கும், மரமும் புதுசு புதுசா செஞ்சுக்கிட்டே இருக்கும். பகல் சுருங்க ஆரம்பிச்சதும் மரம் அந்த வேலையை நிறுத்திடும். நிறுத்திட்டு என்ன பண்ணுது தெரியுமா, இலையில இருக்கிற நைட்ரஜன், பாஸ்பரஸ் எல்லாத்தையும் முடிஞ்ச அளவுக்கு உள்ள இழுத்துக்குது. நாம வாடகை வீடு காலி பண்றப்போ ஃபேனு, பல்பு, திரைச்சீலை கம்பி வரைக்கும் கழட்டி எடுத்துட்டு போவோமே, அதே மாதிரி! எல்லாத்தையும் கழட்டுனதுக்கு அப்புறம் சுவர்ல பழைய பெயிண்ட் தெரியுமில்ல, அந்த பெயிண்ட்தான் மஞ்சள். கரோட்டினாய்டுன்னு பேரு, கேரட்ல இருக்கிற அதே குடும்பம். வசந்தத்துல இலை துளிர்த்ததுல இருந்து அங்கதான் இருந்துச்சு, பச்சை அதுக்கு மேல உக்காந்திருந்ததால நமக்கு தெரியல.

ஆனா செவப்பு கதை வேற. அது பெரும்பாலும் இலையில முன்னாடி கிடையாது, கடைசி சில வாரத்துல மரம் புதுசா தயாரிக்குது. ஆந்தோசயனின். நாவப்பழம் தின்னா நாக்கு ஊதா ஆகுதே, அதே வகைதான். பகல்ல நல்ல வெயிலும் ராத்திரி உறையாத அளவுக்கு குளிரும் இருந்தா செவப்பு தூக்கலா வரும். விழப்போற இலைக்கு எதுக்கு இவ்ளோ செலவு பண்ணி கலர் போடணும்? சத்தை உள்ள இழுக்குற வரைக்கும் வெயில்ல இருந்து இலையை காப்பாத்தன்னு ஒரு கூட்டம் சொல்லுது, பூச்சியை விரட்டுற சிக்னல்னு இன்னொரு கூட்டம், ஆராய்ச்சி இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு. எனக்கு முதல் கூட்டம் சொல்றது சரின்னு படுது, நீங்க எந்த பக்கம்னு கமெண்ட்ல போடுங்க.

[திரையில்: டைனிங் டேபிள், குழந்தைகள் கை, கிழிச்ச இலைகள்]

இப்போ வேலைக்கு வருவோம், இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி, கொஞ்சம் நீளமாத்தான் போகும். பத்து பச்சை இலையை எடுத்துக்கோங்க, வீட்டு வாசல்ல இருந்தே எடுங்க. பார்க்ல இருந்து எடுக்காதீங்க, நேஷனல் பார்க்ல, மாகாண பார்க்ல எல்லாம் செடி கொடியை எடுக்க அனுமதி இல்ல. இலையை குழந்தைங்க பொடிப்பொடியா கிழிக்கட்டும், அதுதான் அவங்களுக்கு பெரிய சந்தோஷமே. கண்ணாடி டம்ளர்ல போட்டு, முங்குற அளவுக்கு ரப்பிங் ஆல்கஹால் ஊத்தி, கரண்டி காம்பால நசுக்குங்க. ஊத்துறது பெரியவங்க வேலை, ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு பக்கமே கொண்டு போகாதீங்க, குப்புன்னு பத்திக்கும். மேல பிளாஸ்டிக் தாளை மூடி, ஒரு பாத்திரத்துல குழாய் சுடுதண்ணி பிடிச்சு அதுக்குள்ள டம்ளரை அரைமணி நேரம் வைங்க, தண்ணி ஆறுனா மாத்துங்க. ஆல்கஹால் நல்ல கரும்பச்சை ஆகுற வரைக்கும் பொறுமை வேணும், இங்கதான் நிறைய பேர் அவசரப்பட்டு கெடுத்துடுறாங்க. அப்புறம் காபி ஃபில்டர்ல ஒரு விரல் அகலத்துக்கு பட்டையா வெட்டி, பென்சில்ல டேப் போட்டு டம்ளருக்குள்ள தொங்க விடுங்க, நுனி மட்டும் ஆல்கஹாலை தொடணும்.

இப்போ பாருங்க, வேட்டி நுனி தண்ணியில பட்டா ஈரம் மேல ஏறுமே, அப்படியே ஏறும். ஏற ஏற பச்சை ஒரு இடத்துல பட்டையா தங்கும், மஞ்சள் பிரிஞ்சு தனியா நிக்கும். பச்சை இலையில இருந்து மஞ்சள்! முதல் தடவை அது தெரிஞ்சப்போ எங்க வீட்ல எல்லாரும் கத்துனோம், பாட்டி சமையல்கட்டுல இருந்து ஓடி வந்துட்டாங்க.

இதுக்கு பேரு குரோமட்டோகிராஃபி. செடியில இருக்கிற நிறங்களை இப்படி பிரிச்சு காட்டுனவர் மிகைல் ட்ஸ்வெட்னு ஒரு ரஷ்ய தாவரவியல் ஆளு, அவர் பேப்பர் இல்ல, சுண்ணாம்புத்தூள் அடைச்ச கண்ணாடி குழாய்ல பண்ணாரு, 1906-ல இந்த பேரை வச்சாரு. கிரேக்கத்துல குரோமான்னா நிறம், சரி. இப்போ கேளுங்க, ரஷ்ய மொழியில ‘ட்ஸ்வெட்’னாலும் நிறம்தான்! நிறம்னு பேர் வச்ச மனுஷன் நிறத்தை பிரிக்க வழி கண்டுபிடிச்சிருக்காரு. இதை படிச்ச அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல.

[திரையில்: அல்கான்குவின், ஹைவே 60]

வெளிய போகணும்னா அல்கான்குவின் பார்க், 1893-ல ஆரம்பிச்சது, டொரன்டோவுல இருந்து கார்ல மூணு மணி நேரம். ஒரு விஷயம் மட்டும் மனசுல வைங்க, நிறைய பேர் தேங்க்ஸ்கிவிங் லீவுல, அதாவது அக்டோபர் ரெண்டாவது திங்கள் ஒட்டி கிளம்புறாங்க, அதுக்குள்ள அங்க சுகர் மேப்பிள் செவப்பு பெரும்பாலும் கொட்டிடும், செப்டம்பர் கடைசி வாரம்தான் சரி. பெர்மிட் முன்னாடியே ஆன்லைன்ல எடுத்துடுங்க. போறப்போ ஒரு சின்ன வாட்டர்கலர் டப்பா கொண்டு போங்க. டாம் தாம்சன்னு ஒரு ஓவியர், இந்த காட்டுலயே சுத்தி சின்ன மரப்பலகையில அங்கேயே உக்காந்து வரைஞ்சாரு, 1917-ல அங்க இருக்கிற கனூ லேக்ல இறந்து போனாரு. சின்ன பலகைங்கிறதுதான் சூட்சுமம், பெரிய தாளை கொடுத்தா குழந்தை பாதியில விட்டுடும், போஸ்ட்கார்டு சைஸ் கொடுத்தா முடிச்சுட்டு அடுத்தது கேக்கும்.

அவ்ளோ தூரம் முடியாதவங்களுக்கு ஸ்கார்பரோவுலயே ரூஜ் பார்க் இருக்கு, நுழைவு கட்டணம் கிடையாது, சப்பாத்தி உருளைக்கிழங்கு கட்டிக்கிட்டு கிளம்புங்க. ஆப்பிள் பறிக்கிற தோட்டமும் போகலாம், அதுக்கு தனி வீடியோவே போடணும்.

[திரையில்: நோட்டுப் புத்தகம், நாலு பேப்பர் பட்டை]

கடைசியா எங்க பொண்ணோட நோட்டு. எங்க வாசல்ல இருக்கிற அதே ஒரு மேப்பிள் மரம், பத்து நாளைக்கு ஒரு தடவை இலை எடுத்து பட்டை எடுத்து தேதி போட்டு ஒட்டியிருக்கா. முதல் பட்டையில பச்சை தடியா இருக்கு, மஞ்சள் மெல்லிசா. ரெண்டாவதுல பச்சை கொஞ்சம் வெளுத்திருக்கு. மூணாவதுல தேடித்தான் பாக்கணும். நாலாவது நவம்பர் முதல் வாரம் எடுத்தது, பச்சை சுத்தமா இல்ல, மஞ்சள் மட்டும், முதல் பட்டையில நின்ன அதே இடத்துல நிக்குது. பக்கத்துல அவ கையெழுத்துல எழுதியிருக்கா: “இது புதுசு இல்ல.”