ஃப்ரீக்வென்சியை நகர்த்தாதீங்க, வோல்டேஜை நகர்த்துங்க

வணக்கம் மக்களே. பெங்களூர்ல ஐ.ஐ.எஸ்.சி., ராமன் இன்ஸ்டிட்யூட் மாதிரி இடங்கள்ல லோ டெம்பரேச்சர் வேலைக்குப் புதுசா வர்றவங்களுக்கான வீடியோ இது. குவாண்டம் பாயிண்ட் கான்டாக்ட்னா எலக்ட்ரான் போற ரொம்பக் குறுகலான வழி. ஷாட் நாய்ஸ்னா எலக்ட்ரான் ஒண்ணொண்ணா வர்றதால கரண்ட்ல வர்ற ஏற்ற இறக்கம். அந்த நாய்ஸ் ஃப்ரீக்வென்சியோட எப்படி மாறுதுன்னு அளக்கப் போறோம்.

தியரி சுருக்கமா. 1918-ல ஷாட்கி சொன்னது: நாய்ஸ்னா எலக்ட்ரான் சார்ஜ், கரண்ட், ரெண்டையும் பெருக்கி அதுல ரெண்டு மடங்கு. பாயிண்ட் கான்டாக்ட்ல டிரான்ஸ்மிஷன், அதாவது எலக்ட்ரான் தாண்டிப் போற வாய்ப்பு, 0.5-ன்னா அதுலயும் பாதிதான் வரும். ஃப்ரீக்வென்சி ஏற ஏற இன்னொரு கண்டிஷன் சேருது: சாம்பிளுக்குக் கொடுக்கற பயாஸ் வோல்டேஜ் தர்ற எனர்ஜி, அந்த ஃப்ரீக்வென்சியோட ஒரு ஃபோட்டானுக்குப் போதணும். ஒரு ஜிகாஹெர்ட்ஸுக்கு 4.14 மைக்ரோவோல்ட். 5 ஜிகாஹெர்ட்ஸ்ல அளந்தா 20.7 மைக்ரோவோல்ட் தாண்டினாத்தான் சாம்பிள்லேர்ந்து நாய்ஸ் வெளிய வரும். டிஃப்யூசிவ் வயர்ல, அதாவது எலக்ட்ரான் முட்டி மோதிப் போற வயர்ல, இந்த மாதிரி குவாண்டம் நாய்ஸை அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டில 1997-லயே பார்த்துட்டாங்க, பாயிண்ட் கான்டாக்ட்ல 2007-ல ஃபிரான்ஸ்ல சாக்லே குரூப் 4-லேர்ந்து 8 ஜிகாஹெர்ட்ஸ்ல அளந்தாங்க.

ஸ்பெக்ட்ரம் அனலைசரைப் போட்டு ஃப்ரீக்வென்சியை ஸ்வீப் பண்ணலாம்னுதான் முதல்ல தோணும். பண்ணாதீங்க. கோஆக்ஸ் கேபிள் ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட 100 பிகோஃபாரட், சாம்பிள் 26 கிலோஓம். ரெண்டும் சேர்ந்தா 60 கிலோஹெர்ட்ஸ்லயே சிக்னல் விழ ஆரம்பிச்சிடும். அந்தச் சரிவைப் பார்த்து "ஆஹா, குவாண்டம்"னு சந்தோஷப்பட்டா, அளந்தது கேபிளைத்தான். ஃப்ரீக்வென்சியை ஒரு இடத்துல நிறுத்திட்டு வோல்டேஜை ஸ்வீப் பண்ணுங்க. லைனோட கெயின் என்னவா இருந்தாலும் அது எல்லா பாயிண்டுக்கும் ஒண்ணுதான். வளைவு ஒடியிற இடம் 5 ஜிகாஹெர்ட்ஸ்ல 21-லயும், 7-ல 29 மைக்ரோவோல்ட்லயும் வந்தா, அது சாம்பிளோட வேலை.

இப்ப சிக்னல் எவ்வளவு சின்னதுன்னு பாருங்க. பயாஸ் 100 மைக்ரோவோல்ட், டிரான்ஸ்மிஷன் 0.5, கரண்ட் 3.9 நானோஆம்ப். 26 கிலோஓம் சாம்பிள் 50 ஓம் லைனோட பொருந்தாது, பவர் கப்ளிங் 0.8 சதவீதம்தான். நாய்ஸ் பவரை டெம்பரேச்சரா மாத்திக் கணக்குப் போட்டா 5 ஜிகாஹெர்ட்ஸ்ல லைனுக்குள்ள வர்றது சுமார் 1.8 மில்லிகெல்வின். 4 கெல்வின் ஸ்டேஜ்ல இருக்கிற ஹெம்ட்ங்கற லோ நாய்ஸ் ஆம்ப்ளிஃபையர், நடுவுல இருக்கிற லாஸ் எல்லாம் சேர்ந்து பேக்ரவுண்ட் 4 கெல்வின்னு வச்சுக்கோங்க. ஒரு ஜிகாஹெர்ட்ஸ் பேண்ட்விட்த், ஒரு செகண்ட் ஆவரேஜ்னா எரர் 0.13 மில்லிகெல்வின். பரவாயில்லைன்னு தோணுதா? கெயின் 0.05 சதவீதம் ட்ரிஃப்ட் ஆனாலே 2 மில்லிகெல்வின், அதாவது மொத்த சிக்னலும் போச்சு. ரூம் ஏ.சி. ஆன் ஆஃப் ஆகறதும், கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறுறதும் வெளிய இருக்கிற ஆம்ப்ளிஃபையர்ல நேரா தெரியும். அதனால பயாஸை சில நூறு ஹெர்ட்ஸ்ல ஆன் ஆஃப் பண்ணி, டிடெக்டர் அவுட்புட்டை லாக்-இன்ல எடுங்க, அது அந்த ஆன் ஆஃபோட சேர்ந்து மாறுறதை மட்டும் பிரிச்செடுக்கும். ஒடியிற இடத்துக்குப் பக்கத்துல சிக்னல் இன்னும் குறையும், பாயிண்டுக்கு ரெண்டு நிமிஷமாவது கொடுங்க.

ஹெம்டுக்கும் சாம்பிளுக்கும் நடுவுல, 20 மில்லிகெல்வின் பிளேட்ல, சிக்னலை ஒரு பக்கமா மட்டும் விடற சர்க்குலேட்டர் ரெண்டு வேணும். ஒண்ணுக்கு 20 டெசிபல் ஐசொலேஷன், மூணாவது போர்ட்ல 50 ஓம் டெர்மினேஷன். இல்லன்னா ஹெம்டோட நாய்ஸ் கீழ இறங்கி, சாம்பிள்ல பட்டு, ரிஃப்ளெக்ட் ஆகித் திரும்பி வரும். பயாஸோட சாம்பிள் கண்டக்டன்ஸும் மாறுமில்ல? ரிஃப்ளெக்ஷனும் கூடவே மாறும். அது ஷாட் நாய்ஸ் மாதிரியே இருக்கும். இதுல ஏமாந்தா கண்டுபிடிக்கறது ரொம்பக் கஷ்டம்.

ஃப்ரிட்ஜ் 15 மில்லிகெல்வின்னு காட்டும், எலக்ட்ரான் அதை நம்பாது! டி.சி. லைன்ல ஆர்.சி. ஃபில்டர் சரியில்லைன்னா எலக்ட்ரான் 100 மில்லிகெல்வின்லயே நிக்கும். அதை வோல்டேஜா மாத்தினா 8.6 மைக்ரோவோல்ட், 21-ல வர்ற ஒடிவு வழுவழுன்னு ஆயிடும்.

இன்னொண்ணு, 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை உங்க பேண்டுக்கு நடுவுலயே உக்காந்திருக்கு. ரேக் மேல ஃபோனை வைக்காதீங்க, எஸ்.எம்.ஏ. கனெக்டரைக் கையால இறுக்காம டார்க் ரெஞ்ச் போடுங்க.

டேட்டா எடுக்கறதுக்கு முன்னாடி கேட் வோல்டேஜை முதல் பிளாட்டோவுக்கு, அதாவது கண்டக்டன்ஸ் படிப்படியா ஏறும்போது வர்ற முதல் சமதளத்துக்கு, கொண்டு போங்க. அங்க டிரான்ஸ்மிஷன் ஒண்ணு, ஷாட் நாய்ஸ் கிட்டத்தட்ட இருக்கக்கூடாது. அப்பவும் பயாஸோட ஏறுதுன்னா காண்டாக்ட் சூடாகுது, இல்ல ரிஃப்ளெக்ஷன் வருது. பயாஸை மைனஸ்ல போட்டும் ஒரு தடவை எடுங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லன்னா அன்னைக்கு ரன்னை நிறுத்திட்டு வயரிங்கைப் பாருங்க.